அறுபத்தாறு கிலோமீட்டர் படகு

"உடைச்சுப் பாருங்க" என்றாள் அந்தப் பெண்.

அவள் மேசை மேல் வைத்தது ஒரு படகு. முழங்கை நீளம், மாம்பழ மஞ்சள், கத்தி போல் கூரான மூக்கு. பின்பக்கம் இரண்டே இறக்கைகளோடு ஒரு சின்னப் பித்தளைப் புரோப்பல்லர் பளபளத்தது.

மேனாம்பேட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அனுசுயாவின் துப்பறியும் நிலையம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்யான க்ளெய்ம்களைப் பிடிக்கிற வேலையில் இருந்தவள். ஒருமுறை கம்பெனி டைரக்டரின் மைத்துனனையே பிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு அங்கே அவளுக்கு நாற்காலி இல்லை. சொந்தமாகப் பலகை மாட்டிக்கொண்டாள். உதவிக்கு சுலைமான். சாதாரண நாட்களில் துப்பு, முகூர்த்த நாட்களில் கல்யாணக் கச்சேரியில் கீபோர்டு.

"ஒடைக்கறதுக்கு எங்ககிட்ட எதுக்கு வந்தே தங்கச்சி? ரோட்ல தண்ணி லாரி போய்கினே கீது. அதுங்கீழ வெச்சா வேலை முடிஞ்சுது" என்றான் சுலைமான்.

அவள் சிரிக்கவில்லை. "உள்ள திருட்டு பேட்டரி ஒளிச்சு வெச்சிருக்கேனாம். நீங்களே திறந்து தேடுங்க. எதாவது கிடைச்சா நான் இந்த விளையாட்டையே விட்டுடறேன்."

பெயர் கிருஷ்ணப்பிரியா. அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர். குடும்பம் குவார்ட்டர்ஸில். இவளுக்கு முகப்பேரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் பல்செட் வார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெள்ளானூர்ப் பக்கம் கிளம்பிவிடுவாள். அங்கே செம்மண் எடுத்த பள்ளம் ஒன்று மழைத் தண்ணீர் தேங்கிக் குட்டையாகிவிட்டது. அதில்தான் 'அலைப்பொறி' என்ற குழுவினர் ரிமோட்டில் ஓடும் மாடல் படகுகளைப் பந்தயம் விடுகிறார்கள். கரையில் இரண்டு கம்பங்கள், நடுவே நூறு மீட்டர். எல்லாருக்கும் ஒரே ரக மோட்டார், ஒரே ரக பேட்டரி. மிச்சமெல்லாம் அவரவர் கைவேலை.

"போன மாசம் என் படகு அறுபத்தாறு கிலோமீட்டர் வேகத்துல போச்சு மேடம். குரூப்போட ரெகார்டே அறுபத்து மூணுதான். அது செயலாளர் ஜெகதீசனோடது. புரோப்பல்லர் விக்கிற கடை வெச்சிருக்காரு. நான் போட்டதுகூட அவர் கடையில வாங்கினதுதான். அகில இந்தியப் போட்டிக்கு வருஷா வருஷம் அவர்தான் கேப்டன். இந்த வருஷம் நான் போகணும்."

"போகலையா?"

"அன்னிக்கு சாயங்காலமே வாட்ஸ்அப் குரூப்ல என் போட்டோவைப் போட்டு 'ஏமாற்றுக்காரி'ன்னு எழுதிட்டாரு. படகைத் திறந்து காட்டறேன்னேன். அதுக்குள்ள மாத்தியிருப்பேன்னு சொல்றாரு. மன்னிப்புக் கேட்டா ஒரு வருஷம் தடை. கேக்கலேன்னா ஆயுசுக்கும்."

"ஒரு வருஷம்தானே? கேட்டுட்டு வந்துடேன்" என்றாள் அனுசுயா, அவள் முகத்தையே பார்த்தபடி.

"எங்கப்பாவும் இதைத்தான் சொல்றாரு. செய்யாத தப்புக்கு நான் எதுக்கு மேடம் தலை குனியணும்? மாட்டேன்."

அனுசுயாவுக்கு அந்த 'மாட்டேன்' பிடித்துப்போயிற்று. நாற்காலியை முன்னால் இழுத்தாள். "சரி. ஜெகதீசன் என்ன ஆதாரம் காட்டறார்?"

"கணக்கு. புரோப்பல்லரும் ஒரு திருகாணி மாதிரிதான். தண்ணியத் திருகிக்கிட்டே முன்னால போகும். என்னோடது ஒரு சுத்துக்கு அஞ்சு சென்டிமீட்டர் போகும். அதைத்தான் பிட்ச்னு சொல்வோம். எங்க மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தா ஓட்டத்துல நிமிஷத்துக்கு இருபதாயிரம் சுத்து சுத்தும். அதுக்கு மேல முக்கினாலும் வராது."

அனுசுயா மனதுக்குள் பெருக்கினாள். "அஞ்சு சென்டிமீட்டர், இருபதாயிரம் தடவை. நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர். மணிக்கு அறுபது."

"அதுவும் வழுக்காம போனா. தண்ணி என்ன மரக்கட்டையா? வழுக்கும். ஐம்பது வந்தாலே நல்ல படகு."

"ஆனா நீ போனது அறுபத்தாறு."

கிருஷ்ணப்பிரியா தலையாட்டினாள்.

"அக்கா, கேஸு முடிஞ்சிட்ச்சு. நம்ம பார்ட்டியேதான் குத்தவாளி. டீ சொல்லட்டா?" என்றான் சுலைமான்.

கிருஷ்ணப்பிரியா படகைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "நீங்களும் அவங்க கட்சிதானா? பரவாயில்ல. நானே பாத்துக்கறேன்."

"உட்காரு" என்றாள் அனுசுயா. "கணக்கு சரியாத்தான் இருக்கு. அதுக்குள்ள போட்ட நம்பர்ல ஏதோ ஒண்ணு பொய். எதுன்னு கண்டுபிடிக்கத்தான் நான் இருக்கேன். அன்னிக்கு யாராவது வீடியோ எடுத்தாங்களா?"

எடுத்திருந்தார்கள். நேரம் பார்க்கிற தீபிகா கரையோரமாக நின்று போனில் பிடித்து, அதைக் கிருஷ்ணப்பிரியாவுக்கும் அனுப்பியிருந்தாள். மஞ்சள் புள்ளி ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது, தாண்டியது, போனது. சத்தம் கொசு ரீங்காரத்தைப் பெரிதாக்கியது போல இருந்தது.

"திருப்பிப் போடு" என்றான் சுலைமான். குரலில் கிண்டல் இல்லை. மூலையில் துணி போர்த்திக் கிடந்த கீபோர்டை இழுத்தான். ஒரு கட்டையை அழுத்தினான், தலையாட்டினான், அடுத்ததை அழுத்தினான். "அக்கா, இந்தப் படகு பாடுது. கிட்ட வர்றச்சொல்ல இந்த சுருதி. தாண்டிப் போறச்சொல்ல எறங்கிடுது. எவ்ளோன்னா, ரெண்டு கட்டை முழுசா எறங்கல. ஒண்ணரைன்னு வெச்சுக்கோ."

அனுசுயா நிமிர்ந்தாள். "ஆவடி ஸ்டேஷன்ல நிக்காம போற எக்ஸ்பிரஸ் ஹாரன் கேட்டிருக்கியா?"

"வர்றச்சொல்ல கீச்சுனு வரும். நம்மளத் தாண்டினதும் பொசுக்குனு எறங்கிடும்."

"வண்டி எவ்வளவு வேகமோ அவ்வளவு இறக்கம். அப்போ அந்த இறக்கத்தை அளந்தா வண்டியோட வேகம் கிடைச்சுடும். ஸ்டாப்வாட்ச் வேண்டாம், கம்பம் வேண்டாம், ஜெகதீசனும் வேண்டாம்."

சுலைமானின் போனில் வாத்தியத்துக்குச் சுருதி பார்க்கிற ஆப் இருந்தது. வீடியோவை அதற்குக் கேட்கவிட்டு, அது காட்டிய எண்களை அனுசுயா கால்குலேட்டரில் தட்டினாள். கிருஷ்ணப்பிரியா நின்றுகொண்டே பார்த்தாள்.

"இறக்கை ரெண்டு. அதனால ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை தண்ணிய அடிக்கும். உன் படகோட குரல்படி பார்த்தா மோட்டார் சுத்தினது இருபதாயிரம்தான். கூடுதல் பேட்டரி இருந்திருந்தா இன்னும் மேல போய்க் கத்தியிருக்கும். நீ ஏமாத்தல" என்றாள் அனுசுயா.

"அதைத்தானே நான்…"

"இரு. இதைக் கேட்டா உனக்குக் கசக்கும். நீ அறுபத்தாறும் போகல. ஐம்பத்திரண்டு."

கிருஷ்ணப்பிரியாவின் கை படகை இறுக்கிப் பிடித்தது. ஏமாற்றுக்காரி என்ற பட்டத்தைவிட இந்த எண் அவளுக்கு அதிகம் வலித்தது போலிருந்தது.

"நேரம் தப்பா இருக்குமோ?" என்று கேட்டாள்.

"வீடியோலயே நேரம் ஓடுது. சரியாத்தான் இருக்கு."

"நேரம் சரி, வேகம் கம்மி. அப்போ தூரத்தை எவனோ ஆட்டையப் போட்டுட்டான்" என்றான் சுலைமான். "நூறுல இருபது மீட்டரு. திருடினவன் எங்க வெச்சிருப்பான்? பீரோலயா?"

"ஜெகதீசனோட ரெகார்டு வீடியோ இருந்தா போடு."

அது அவருடைய கடையின் இணையப் பக்கத்திலேயே இருந்தது. 'அறுபத்து மூன்று கிலோமீட்டர் புரோப்பல்லர்' என்று கொட்டை எழுத்து. சிவப்புப் படகு சீறிக்கொண்டு போனது. ஆனால் கேட்டது படகுச் சத்தம் இல்லை, தாரை தப்பட்டையோடு ஒரு குத்துப்பாட்டு.

"நல்ல பீட்டுதான்" என்றான் சுலைமான். "ஆனா படகை ஊமையாக்கிட்டாரேக்கா."

அனுசுயா வீடியோ போட்ட தேதியைப் பார்த்தாள். அந்த வீடியோ முன்பு எப்படி இருந்தது என்று கிருஷ்ணப்பிரியாவிடம் கேட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் வெள்ளானூர்க் குட்டைக்குப் போனார்கள். "தடை படகை ஓட்டத்தானே? தூக்கிட்டு வர இல்லையே" என்று சொல்லிக் கிருஷ்ணப்பிரியா படகையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். பந்தயக்காரர்கள் இன்னும் வரவில்லை. குட்டையைக் காவல் காக்கிற துலுக்கானம் மட்டும் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பெரியவரே, இந்தக் கம்பத்த யாராச்சும் நவுத்தினாங்களா?" என்று சுலைமான் ஆரம்பித்ததுதான் தாமதம், துலுக்கானம் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா நைனா கேட்டே? நவுத்தறதா? காங்கிரீட்டு நா போட்டது. ஜேசிபி வந்தாக்கூட மூச்சு வாங்கும். நூறு மீட்டரு, டேப்பு புடிச்சு, எல்லாரும் பாக்கச்சொல்ல நட்டது. என்னிய திருடன்றியா?"

"உங்களை யாரும் சொல்லலைங்க" என்றாள் அனுசுயா. "மறுபடி ஒருதரம் அளந்துடலாமா? டேப் கொண்டுவந்திருக்கோம்."

"அள. நல்லா அள. கொறைஞ்சா என் மீசைய எடுத்துக்கறேன்."

முதல் கம்பத்தில் சுலைமான் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டான். துலுக்கானம் மறுநுனியோடு கரையில் நடந்தார். அங்கங்கே கல் வைத்து டேப்பை அழுத்தியபடி போய், அடுத்த கம்பத்தில் நின்று கத்தினார்: "நூறு! பாத்துக்கோ!"

நூறேதான். ஒரு விரல்கூடக் குறையவில்லை.

"அக்கா, நேரம் சரி, தூரம் சரி, கணக்கும் சரி" என்றான் சுலைமான். "இப்போ நம்ம காதுதான் தப்பு. நா கச்சேரிய உட்டுட்டு மூட்டை தூக்கப் போறேன்."

அந்த நேரம் பார்த்து வண்டிகள் வரத் தொடங்கின. படகுப் பெட்டிகளோடு பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். எல்லாருக்கும் முன்னால் வந்தவர் ஜெகதீசன். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் விசில். தரையில் கிடந்த டேப்பைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், சிரித்தார்.

"அளந்தாச்சா மேடம்? நூறு வந்துதா? ரொம்ப சந்தோஷம். ஏம்மா கிருஷ்ணப்பிரியா, துப்பறியறவங்களைக் கூட்டிக்கிட்டு வந்தாலும் தண்ணி உனக்காக வளையாது. எல்லாரும் இருக்காங்க. மன்னிப்புக் கேட்டுடு, முடிச்சுக்கலாம்."

"கேக்க மாட்டேன்."

"அப்போ படகை எடுத்துக்கிட்டு வெளிய போ."

"போகவும் மாட்டேன்."

அனுசுயா அந்தப் பேச்சைக் கவனிக்கவில்லை. 'வளையாது' என்று அவர் சொன்ன சொல்லில் நின்றுவிட்டாள். அவள் கண் தரையில் கிடந்த டேப்பின் மேல் இருந்தது. முதல் கம்பத்தில் கிளம்பிய மஞ்சள் நாடா கரையோடு போனது. கரை உள்ளே வாங்கிய இடத்தில் அதுவும் உள்ளே வாங்கிச் சுற்றிக்கொண்டு போய் அடுத்த கம்பத்தைத் தொட்டது. மண் தோண்டியவர்கள் நேர்கோடா பார்த்துத் தோண்டினார்கள்? குட்டை அரிவாள் போல் வளைந்து கிடந்தது.

"கிருஷ்ணப்பிரியா, இந்தக் கம்பத்துலேர்ந்து அந்தக் கம்பத்துக்கு உன் படகு எந்த வழியா போகும்?"

"எந்த வழியான்னா? தண்ணியில நேரா…"

சொல்லிக்கொண்டிருந்தவள் வாயை மூடினாள். டேப்பைப் பார்த்தாள். பிறகு யாரையும் கேட்காமல் துலுக்கானத்தின் தூண்டில் நரம்புச் சுருளை எடுத்தாள். ஒரு நுனியை முதல் கம்பத்தில் கட்டச் சொல்லி சுலைமானிடம் சுருளைக் கொடுத்துவிட்டு, மறுநுனியைப் படகின் பின்னால் முடிந்தாள்.

"தடை பண்ணின படகு தண்ணியில இறங்கக் கூடாது!" என்று ஜெகதீசன் விசிலை ஊதினார்.

"ஊதுங்க" என்றாள். படகு தண்ணீரில் இறங்கியது.

பந்தய வேகத்தில் அல்ல, மெதுவாக, நரம்பை இழுத்துக்கொண்டு மஞ்சள் படகு ஒரு கம்பத்திலிருந்து மறுகம்பத்துக்கு நேராக மிதந்து போனது. துலுக்கானம் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நரம்பைப் பிடித்து, விறைப்பாக இழுத்து, கம்பத்தைத் தொட்ட இடத்தில் முடிச்சுப் போட்டார். அதை அப்படியே சுருட்டாமல் மேட்டுச் சாலைக்குக் கொண்டுவந்து நீட்டினார்கள். பக்கத்தில் டேப்.

எழுபத்தொன்பது மீட்டர்.

துலுக்கானம் மீசையைத் தடவிக்கொண்டார். "நா கரையோட புடிச்சேம்மா. கரையோடதானே புடிக்க முடியும்? தண்ணி மேல நடக்கவா முடியும்?"

"உங்க மேல தப்பே இல்லைங்க. நீங்க அளந்த நூறு நூறுதான். படகுதான் குறுக்கு வழியில போயிருக்கு" என்றாள் அனுசுயா. பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "இந்தக் குட்டையில இதுவரைக்கும் ஓடின எல்லா வேகமும் தப்பு. அறுபத்தாறு உண்மையில ஐம்பத்திரண்டு. அறுபத்து மூணு உண்மையில ஐம்பது."

ஜெகதீசன் சட்டென்று சுதாரித்துக்கொண்டார். "அடடா. இத்தனை வருஷமா யாருக்குமே தெரியாம போச்சே! நல்லவேளை கண்டுபிடிச்சீங்க. சரி, என் ரெகார்டும் செல்லாது, இந்தப் பொண்ணோடதும் செல்லாது. ஆனா தடையை மீறிப் படகை இறக்கிட்டா பாருங்க, அதுக்குத் தடை தடைதான். டீம் பழையபடியே போகட்டும்."

சிலர் தலையாட்டக்கூடச் செய்தார்கள்.

"யாருக்குமே தெரியாதா?" என்றாள் அனுசுயா. "மணிக்கு அறுபதுக்கு மேல முடியாதுன்னு கணக்குப் போட்டுக் காட்டினது நீங்கதானே? அந்தக் கணக்கை உங்க அறுபத்து மூணுக்குப் போட்டுப் பார்க்கலையா?"

"என்னோடது வேற புரோப்பல்லர் மேடம். பிட்ச் பெரிசு. அது என் தொழில் ரகசியம்."

"அந்த ஓட்டத்தோட வீடியோல ஏன் சார் பாட்டு ஓடுது?"

"எனக்குப் பாட்டு பிடிக்கும்."

"மூணு வருஷமா படகுச் சத்தத்தோட கிடந்த வீடியோ சார் அது. இந்தப் பொண்ணு மேல புகார் சொன்ன மறுநாள் எடுத்துட்டு, பாட்டோட புதுசா போட்டிருக்கீங்க. தேதி உங்க பக்கத்துலயே இருக்கு. அதுவரைக்கும் பிடிக்காத பாட்டு அன்னிக்கு ஏன் பிடிச்சுது?"

ஜெகதீசன் கழுத்து விசிலை விரலால் உருட்டினார். கூட்டத்தின் ஓரத்தில் ஸ்டாப்வாட்ச்சோடு நின்ற தீபிகா அவரையும் கிருஷ்ணப்பிரியாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"அந்த வீடியோவும் நான்தான் எடுத்தேன். அழிச்சுடுன்னு சார் சொன்னாரு." அவள் திரையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். "அழிக்கல."

சிவப்புப் படகின் சத்தம் குட்டைக்கரையில் ஒலித்தது. சுலைமான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அடுத்து மஞ்சள் படகின் சத்தத்தைப் போட்டான்.

"சார், பெரிய பிட்ச்சு போட்டா மோட்டாருக்கு மூச்சு வாங்கும். குரலு எறங்கும். இது ரெண்டும் ஒரே சுருதி. அக்கா தங்கச்சி மாதிரி பாடுது. உங்க ரகசியம் இன்னான்னா, ரகசியமே இல்ல. அதே அஞ்சு சென்டிமீட்டரு."

"ஒரே மோட்டார், ஒரே புரோப்பல்லர். ரெண்டுமே அறுபதைத் தாண்ட முடியாது" என்றாள் அனுசுயா. "கிருஷ்ணப்பிரியா உங்களை முந்தினதும் எப்படின்னு கணக்குப் போட்டீங்க. குட்டைதான் பொய்னு அன்னிக்கே புரிஞ்சுபோச்சு. வெளிய சொன்னா கடையில மாட்டின அறுபத்து மூணு போயிடும். அதனால பாதி உண்மையை மட்டும் சொல்லி இந்தப் பொண்ணைத் திருடி ஆக்கினீங்க. மீதியைப் பாட்டால மூடினீங்க."

கூட்டத்தில் யாரோ, "ஏன் சார் இப்படி?" என்று கேட்டார்கள். கோபமாகக்கூட இல்லை. அதுதான் ஜெகதீசனை அடித்தது. அவர் கிருஷ்ணப்பிரியாவிடம் திரும்பினார். குரல் உடைந்து கிடந்தது, ஆனாலும் கொத்தியது.

"உனக்கு என்ன கிடைச்சுது? உன் அறுபத்தாறும் போச்சு. பேசாம மன்னிப்புக் கேட்டிருந்தா அந்த நம்பராவது இருந்திருக்கும்."

"பொய் நம்பர் எனக்கு எதுக்கு?" என்றாள் கிருஷ்ணப்பிரியா. படகிலிருந்து நரம்பை அவிழ்த்துக்கொண்டே தீபிகாவைப் பார்த்தாள். "வாட்ச்சைப் பிடி. எழுபத்தொன்பது மீட்டர்னு கணக்கு வெச்சுக்கோ. இப்ப ஓட்டறேன், எல்லாரும் பாருங்க."

யாரும் தடுக்கவில்லை. விசில் ஜெகதீசனின் கழுத்திலேயே தொங்கியது.

மஞ்சள் படகு வளைந்து வந்து முதல் கம்பத்தை நோக்கி விரைந்தது. மூக்கு மட்டும் காற்றில், வால் மட்டும் தண்ணீரில். அந்த ரீங்காரம் ஏறிக்கொண்டே வந்து, அவர்கள் முன்னால் பொசுக்கென்று இறங்கி, மறுகம்பத்தைத் தாண்டியது. கரையில் அடித்த அலை துலுக்கானத்தின் செருப்பை நனைத்தது.

தீபிகா போனில் கணக்கை இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள். "ஐம்பத்திரண்டு."

முதலில் கை தட்டியது துலுக்கானம். பிறகு யாரோ ஒருவர் தன் பெட்டியைத் திறந்தார். "எனக்கும் அளந்துடு தீபிகா. ஐம்பத்தெட்டுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன். எவ்வளவு இறங்குதோ இறங்கட்டும்." அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்து நின்றார், அப்புறம் இன்னொருவர். பெருமையை இழக்க வரிசை நிற்கிறவர்களை அனுசுயா அதுவரை பார்த்ததில்லை. சிவப்புப் படகுப் பெட்டி மட்டும் திறக்காமலே வண்டியில் ஏறியது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"தங்கச்சி" என்றான் சுலைமான், தண்ணீரிலிருந்து படகை எடுத்துக் கொடுத்தபடி. "ஒரே காலைல பதினாலு கிலோமீட்டர் கொறைச்சுட்டோம். இந்த மாதிரி துப்பு துலக்கினவங்கள நீ எங்கயும் பாத்திருக்க மாட்டே."

கிருஷ்ணப்பிரியா அவன் சொன்னதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஈரப் படகைக் கவிழ்த்து வைத்து, புரோப்பல்லரை விரலால் சுற்றிவிட்டு, வெயிலில் அதன் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறுபதுக்கு ஐம்பத்திரண்டு" என்றாள். "நூத்துக்குப் பதிமூணு இன்னும் வழுக்குது மேடம். அதை விடக் கூடாது."

பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள்.